படைப்புச் சிந்தனையின்போது மூளையில் என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படைப்புச் சிந்தனை என்று இங்கே சொல்வது கவிதை, ஓவியம், இசை மட்டுமல்ல. ஒரு யோசனை புதியதாகவும் இருக்க வேண்டும், எடுத்த காரியத்துக்குப் பொருந்தவும் வேண்டும். இரண்டும் இருந்தால் அது பொறியாளரின் வடிவமைப்பாக இருந்தாலும், கணிதச் சான்றாக இருந்தாலும், பழுதான கருவியைச் சரிசெய்யக் கண்டுபிடித்த குறுக்கு வழியாக இருந்தாலும் இந்தக் கணக்கில் சேரும். புதுமை மட்டும் இருந்து பொருத்தம் இல்லாவிட்டால் அது வெறும் விசித்திரம்.

படைப்பாற்றலுக்கென்று மூளையில் தனி இடம் இருக்கிறதா?

இல்லை. பார்வைக்குப் பிடரி மடல், பேச்சொலிக்குப் பொட்டு மடல் என்று சொல்வதுபோல ஒரு பகுதியைச் சுட்டிக்காட்டி ‘இதுதான் படைப்பாற்றல் மையம்’ என்று சொல்ல முடியாது. ஒரு யோசனை பிறக்க நினைவு, மொழி, காட்சிக் கற்பனை, கவனம், மதிப்பீடு எல்லாம் வேண்டும். இவை மூளை முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் இன்று கேட்கும் கேள்வி ‘எந்தப் பகுதி?’ என்பதல்ல. ‘எந்தப் பகுதிகள், எந்த நேரத்தில், ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன?’ என்பதுதான்.

வலது மூளைக்காரர்கள்தான் படைப்பாளிகள் என்கிறார்களே?

இதற்கு வேர் உண்மையான அறிவியலில்தான் இருக்கிறது. கடுமையான வலிப்பு நோயைக் கட்டுப்படுத்த, இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புக் கற்றையை அறுத்துவிட்ட நோயாளிகளை ரோஜர் ஸ்பெரி ஆராய்ந்தார். இரு பாதிகளும் சில வேலைகளை வெவ்வேறு விதமாகச் செய்கின்றன என்று காட்டினார். அதற்காக 1981இல் நோபல் பரிசும் பெற்றார். பேச்சு பெரும்பாலானவர்களுக்கு இடப்பக்கம் சார்ந்தது என்பதெல்லாம் இன்றும் சரிதான்.

ஆனால் அங்கிருந்து ‘இடது மூளை மனிதர், வலது மூளை மனிதர்’ என்று ஆட்களைப் பிரித்தது பிற்காலத்தில் சந்தைக்காக வந்த தாவல். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகக் குழு 2013இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளை ஸ்கேன்களை அலசியது. ஒருவருக்கு இடப்பக்க இணைப்புகள் முழுவதும் வலுவாகவும், இன்னொருவருக்கு வலப்பக்க இணைப்புகள் முழுவதும் வலுவாகவும் இருப்பதற்கான சான்று கிடைக்கவில்லை. உங்கள் பிள்ளைக்கு ‘வலது மூளைப் பயிற்சி’ தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால், அந்தப் பெயருக்குப் பின்னால் அறிவியல் இல்லை என்று உறுதியாக நம்பலாம்.

அப்படியானால் எவையெல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன?

மூன்று வலையமைப்புகளைத் தெரிந்துகொண்டால் இந்தத் துறையின் பெரும்பகுதி புரிந்துவிடும்.

முதலாவது இயல்புநிலை வலையமைப்பு. ஆங்கிலத்தில் டீஃபால்ட் மோட் நெட்வொர்க் என்பார்கள். நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டை ஒட்டிய முன்னெற்றிப் புறணி (புறணி என்பது மூளையின் வெளி அடுக்கு), மூளையின் நடுவில் பின்பக்கமாக இருக்கும் பின் சிங்குலேட் புறணி, காதுக்கு மேலே சற்றுப் பின்னால் உள்ள கோண மடிப்பு ஆகியவை இதன் முக்கிய உறுப்புகள். வெளியே எந்த வேலையும் இல்லாமல் சும்மா இருக்கும்போது இது அதிகம் இயங்குவதை 2001இல் மார்கஸ் ரெய்க்லின் குழு விவரித்தது. ‘சும்மா’ என்பது பெயருக்குத்தான். கடந்ததை நினைப்பது, நாளையைக் கற்பனை செய்வது, அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பது எல்லாம் இதன் வேலை. யோசனைகளுக்கான மூலப்பொருள் இங்கிருந்துதான் வருகிறது.

இரண்டாவது செயலாட்சி வலையமைப்பு. முன்னெற்றிப் புறணியின் மேற்பக்கவாட்டுப் பகுதியும் உச்சி மடலின் பின்பகுதியும் இதில் சேரும். குறிக்கோளை மனதில் பிடித்துவைப்பது, முதலில் வரும் பழகிய விடையை ஒதுக்குவது, வந்த யோசனை தேறுமா என்று பார்ப்பது இதன் பொறுப்பு.

மூன்றாவது முக்கியத்துவ வலையமைப்பு. முன் இன்சுலாவும் முன் சிங்குலேட் புறணியும் இதன் மையங்கள். ‘இது கவனிக்க வேண்டிய விஷயம்’ என்று கொடி காட்டி, மற்ற இரண்டில் எதற்கு முறை என்று மாற்றிவிடுவது இது.

சுவாரசியம் இங்கேதான். கவனத்தைக் குவித்துச் செய்யும் பல வேலைகளில் முதல் இரண்டும் எதிரெதிராக நடந்துகொள்ளும். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். படைப்புச் சிந்தனையிலோ இரண்டும் ஒரே நேரத்தில் இணைந்து இயங்குவது திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. ரோஜர் பீட்டி தலைமையிலான குழு 2018இல் 163 பேரை ஸ்கேன் செய்து பார்த்தது. புதுமையான விடைகளைச் சொன்னவர்களின் மூளையில் இந்த மூன்று வலையமைப்புகளுக்கும் இடையேயான இணைப்புகள் அடர்த்தியாக இருந்தன. எனவே கட்டுப்பாட்டை அவிழ்த்துவிட்டால் போதும், படைப்பு தானாக ஊறும் என்ற எண்ணம் பாதி உண்மைதான். யோசனையைப் பெருக்கும் அமைப்பும் தேர்ந்தெடுக்கும் அமைப்பும் முறைவைத்து, சில சமயம் கைகோத்து, வேலை செய்ய வேண்டும்.

கற்பனை நினைவிலிருந்து வருகிறதா, நினைவுக்கு அப்பாலிருந்தா?

பெரும்பகுதி நினைவிலிருந்துதான். பொட்டு மடலின் உட்புறத்தில் வளைந்து கிடக்கும் ஹிப்போகேம்பஸ் நடந்ததைச் சேமிக்க உதவுவது மட்டுமல்ல, சேமித்த துண்டுகளை எடுத்துப் புது வரிசையில் கோக்கவும் உதவுகிறது. ஹிப்போகேம்பஸ் சேதமாகி மறதி நோய்க்கு ஆளானவர்கள் படைப்பாற்றல் தேர்வுகளில் குறைவான மதிப்பெண் பெறுவது இதைக் காட்டுகிறது. அவர்களுடைய சொல்வளமும் பொது அறிவும் பெரும்பாலும் அப்படியே இருந்தும் இந்த நிலை.

இதில் நடைமுறைக்கு ஒரு பயன் இருக்கிறது. மாடோர், அடிஸ், ஷாக்டர் ஆகியோர் 2015இல் செய்த ஆய்வில், சிறிய காணொளி ஒன்றைக் காட்டி அதை நுணுக்கமாக நினைவுகூரச் செய்தார்கள்: யார் எங்கே நின்றார், என்ன அணிந்திருந்தார், எதற்குப் பிறகு எது நடந்தது என்று. அதற்குப் பிறகு பொருள்களுக்குப் புதுப் பயன்கள் சொல்லச் சொன்னபோது, அவர்கள் தந்த யோசனைகள் கூடின. பொதுப்படையாகப் பேசிவிட்டு வந்தவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. யோசிக்க உட்காரும் முன் நேற்று நடந்த ஏதாவது ஒரு நிகழ்வை ஐந்து நிமிடம் விவரம் விவரமாக நினைவுக்குக் கொண்டுவருவது செலவில்லாத தயாரிப்பு.

படைப்பாற்றலை எப்படி அளக்கிறார்கள்?

அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக 1950இல் ஜே. பி. கில்ஃபோர்ட் ஆற்றிய உரைதான் இந்தத் துறைக்குத் தொடக்கப்புள்ளி. அவர் வழியில் வந்த ‘மாற்றுப் பயன்கள்’ தேர்வு இன்றும் ஆய்வுக்கூடங்களின் அன்றாடக் கருவி. செங்கல், செய்தித்தாள், காகிதக் கவ்வி என்று ஒரு பொருளைச் சொல்வார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் வழக்கத்துக்கு மாறான பயன்களை எத்தனை சொல்ல முடியுமோ அத்தனை சொல்ல வேண்டும்.

மதிப்பிடுவது நான்கு கோணங்களில். எத்தனை விடை, எத்தனை வகை, மற்றவர் சொல்லாதது எத்தனை, எவ்வளவு விரிவு. செங்கல்லுக்கு ‘சுவர் கட்ட, படி கட்ட, திண்ணை கட்ட’ என்றால் விடை மூன்று, வகை ஒன்றுதான். ‘கதவுக்கு முட்டுக்கொடுக்க, இடித்துச் சிவப்புப் பொடியாக்கி வண்ணமாகப் பயன்படுத்த, சூடாக்கித் துணியில் சுற்றிப் படுக்கையைக் கதகதப்பாக்க’ என்றால் விடை மூன்று, வகையும் மூன்று.

இதற்கு எதிர்த்திசையில் போகும் தேர்வும் உண்டு. 1962இல் சார்னாஃப் மெட்னிக் உருவாக்கியது அது. தொடர்பில்லாததுபோல் தெரியும் மூன்று சொற்கள் தரப்படும், மூன்றோடும் பொருந்தும் நான்காவது சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். தமிழில் ஒன்று: தீ, ரயில், தபால். (விடை: பெட்டி.) முதல் வகை விரிந்து செல்லும் சிந்தனை, இரண்டாவது வகை ஒரு புள்ளியில் குவியும் சிந்தனை. இரண்டிலும் மூளை ஒரே மாதிரி இயங்குவதில்லை. ‘படைப்பாற்றலுக்கு நல்லது’ என்று ஏதாவது செய்தி வந்தால், எந்தத் தேர்வில் என்று முதலில் பாருங்கள்.

இந்தத் தேர்வுகளின் குறையையும் சொல்ல வேண்டும். செங்கல்லுக்கு இருபது பயன் சொல்பவர் நல்ல நாவல் எழுதிவிடுவார் என்று பொருளில்லை. துறை அறிவும் பல ஆண்டு உழைப்பும் இந்தத் தேர்வில் வராது.

ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுத்துக்கொண்டு எப்படி யோசிக்க முடியும்?

இது நியாயமான சந்தேகம், கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். பங்கேற்பவர் குழாய் வடிவக் காந்தத்துக்குள் மல்லாந்து படுக்கிறார். காந்தப்புலம் பெரும்பாலும் 3 டெஸ்லா. தலையைச் சுற்றிக் கூண்டுபோல ஒரு சுருள். தலை அசையாமலிருக்க இரு பக்கமும் மெத்தென்ற பஞ்சு அணை. இயந்திரம் 100 டெசிபெல் அளவுக்கு இரைவதால் காதில் அடைப்பான். கண்ணுக்கு மேலே சாய்த்து வைத்த கண்ணாடியில் திரை தெரிகிறது, விரலுக்கடியில் ஒரு பொத்தான்.

திரையில் ஒரு பொருளின் பெயர் வரும். சுமார் 12 நொடி வாயைத் திறக்காமல் யோசிக்க வேண்டும், பிறகுதான் விடை. பேசினால் தாடை அசையும், தாடை அசைந்தால் தலை அசையும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவுகூடப் படத்தில் போலிச் செயல்பாட்டை உண்டாக்கிவிடும். இடையிடையே ஒப்பீட்டுக்காக வேறொரு வேலை: அந்தப் பொருளின் வழக்கமான இயல்புகளைச் சொல்லுங்கள் என்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இறுதியில் படமாகிறது. படத்தில் நிறம் பூசிய இடம் ‘இங்கே மட்டும் இயங்கியது’ என்று சொல்வதில்லை. ‘ஒப்பிட்ட வேலையைவிட இங்கே அதிகம்’ என்றுதான் சொல்கிறது. ஒப்பீட்டு வேலையை மாற்றினால் படமும் மாறும். ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்குப் பெரிய காரணம் இது.

இன்னொன்று. இந்த எஃப்எம்ஆர்ஐ முறை நரம்பணுக்களின் மின்துடிப்பை நேரடியாக அளப்பதில்லை. ஒரு பகுதி கடுமையாக வேலை செய்தால் அங்கே ரத்த ஓட்டம் கூடும், ஆக்சிஜன் ஏற்றிய ரத்தத்தின் பங்கும் கூடும். அதன் காந்த வேறுபாட்டைத்தான் இயந்திரம் பிடிக்கிறது. இந்த எதிரொலி உச்சத்துக்கு வர 5 முதல் 6 நொடி ஆகும், அதுவும் சில சதவீதத்துக்குள் அடங்கும் சிறு மாற்றம். படத்தின் ஒரு புள்ளி பக்கத்துக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் கொண்ட கனசதுரம், அதற்குள் லட்சக்கணக்கான நரம்பணுக்கள். ஒரு நொடிக்குள் பளிச்சிட்டு மறையும் எண்ணத்தை இதில் தனியே பிரித்துப் பார்க்க முடியாது.

வண்ணப் படங்களை நம்பலாமா?

படத்தை நம்பலாம், தலைப்பை அவசரப்பட்டு நம்ப வேண்டாம். மூளை ஸ்கேன் ஒன்றில் பல்லாயிரம் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் புள்ளியியல் சோதனை செய்தால், தற்செயலாகவே சில புள்ளிகள் ‘தேறிவிடும்’. இதை உறைக்கும்படி காட்ட 2009இல் கிரேக் பென்னெட்டும் சகாக்களும் இறந்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனருக்குள் வைத்து, அதற்கு மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டினார்கள். திருத்தம் செய்யாத கணக்கில் மீனின் மூளைப் பகுதியிலும் ‘செயல்பாடு’ தெரிந்தது. உரிய திருத்தம் செய்ததும் அது மறைந்துபோனது.

இரண்டாவது பொறி, பின்னோக்கி ஊகிப்பது. ‘முன் இன்சுலா இயங்கியது, முன்பு ஓர் ஆய்வில் வியப்பின்போது இன்சுலா இயங்கியது, ஆகவே இவர் வியந்தார்’ என்ற வாதம் செல்லாது. இன்சுலா வலியிலும் இயங்கும், அருவருப்பிலும் இயங்கும், கணக்குப் போடும்போதும் இயங்கும்.

ஆய்வுச் செய்தியைப் படிக்கும்போது பங்கேற்றவர் எண்ணிக்கை, ஒப்பீட்டு வேலை, வேறு குழு அதே முடிவுக்கு வந்ததா என்ற மூன்றையும் தேடுங்கள். முதலிரண்டும் செய்தியிலேயே இல்லாவிட்டால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

விடை ‘பளிச்’சென்று தோன்றும் அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது?

நேரத்தை நுணுக்கமாக அளக்க இ.இ.ஜி. வேண்டும். தலையில் 32, 64 என்று மின்முனைகளை ஒட்டி, மில்லிநொடிக் கணக்கில் மின்னலைகளைப் பதிவு செய்வார்கள். மார்க் யுங்-பீமன், ஜான் கூனியோஸ் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில் மேலே சொன்ன மூன்று சொல் புதிர்களைக் கொடுத்தார்கள். விடை படிப்படியாக வந்ததா, திடீரென்று தோன்றியதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டார்கள்.

திடீரென்று தோன்றியபோது, விடை கிடைத்ததாகப் பொத்தானை அழுத்துவதற்குச் சுமார் 0.3 நொடி முன்னால், வலது பொட்டு மடலின் முன்பகுதியில் 40 ஹெர்ட்ஸ் அளவில் காமா அலை வெடித்தெழுந்தது. தொலைவில் கிடக்கும் சொற்பொருள்களை இணைப்பதில் அந்தப் பகுதிக்குப் பங்கு உண்டு. அதற்கும் ஒரு நொடிக்கு மேல் முன்னதாகவே, தலையின் பின்புறம் வலப்பக்கத்தில் ஆல்ஃபா அலை ஏறியது. ஆல்ஃபா என்பது 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரையிலான அலை. பார்வைப் பகுதியில் அது ஏறினால் வெளியிலிருந்து வரும் காட்சித் தகவலை மூளை தணிக்கிறது என்று பொருள்கொள்கிறார்கள். கடினமான கேள்வி கேட்டால் நாம் கண்ணை மூடிக்கொள்வதும் வெற்றுச் சுவரைப் பார்ப்பதும் இதோடு ஒத்துப்போகிறது.

ஆகவே ‘திடீர்’ என்பது நமக்குத் தெரியவரும் விதம்தான். வேலை அதற்கு முன்பே நடந்துகொண்டிருக்கிறது. புதிரோடு ஏற்கெனவே மல்லுக்கட்டாதவருக்கு இந்தப் பளிச்சிடல் வராது. திடீரென்று வந்ததாலேயே விடை சரியாகத்தான் இருக்கும் என்றும் இல்லை. தோன்றியதைச் சரிபார்க்கும் வேலை மிச்சம் இருக்கிறது.

இசைக் கலைஞர்கள் மனோதர்மமாக வாசிக்கும்போது மூளை எப்படி மாறுகிறது?

சார்லஸ் லிம்ப், ஆலன் பிரவுன் இருவரும் 2008இல் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை ஸ்கேனருக்குள் வாசிக்க வைத்தார்கள். காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகம் எதுவும் இல்லாத, 35 கட்டைகள் கொண்ட சிறிய விசைப்பலகை இதற்காகவே செய்யப்பட்டது. மனப்பாடமான மெட்டை வாசிப்பதோடு ஒப்பிட்டால், அந்தந்த நேரத்தில் புனைந்து வாசித்தபோது தன்னைக் கண்காணிக்கும் பக்கவாட்டு முன்னெற்றிப் பகுதி தணிந்தது. நடுக்கோட்டை ஒட்டிய முன்னெற்றிப் பகுதி எழுந்தது.

‘தணிக்கைக்காரர் விலகினால் கலை பிறக்கிறது’ என்று இது உலகெங்கும் மேற்கோளானது. ஆறு பேர் என்பதை மறக்கக் கூடாது. 39 பியானோ கலைஞர்களை வைத்து அனா பின்யோ குழு 2014இல் செய்த ஆய்வு படத்தை இன்னும் தெளிவாக்கியது: மனோதர்ம வாசிப்பில் அனுபவம் கூடக் கூட, கட்டுப்பாட்டுப் பகுதிகளின் உழைப்பு குறைகிறது, அதே சமயம் முன்னெற்றிப் பகுதிகளுக்கும் கைவிரலை இயக்கும் பகுதிகளுக்கும் இடையே இணைப்பு வலுக்கிறது. அதே குழு பிற்பாடு ‘இந்தச் சுரங்களை மட்டும் வைத்து வாசியுங்கள்’ என்று கட்டுப்பாடு விதித்தபோது பக்கவாட்டு முன்னெற்றிப் பகுதி மீண்டும் கூடுதலாக இயங்கியது. ‘இந்த உணர்ச்சியை வெளிப்படுத்துங்கள்’ என்றபோது அப்படி இல்லை. தொடக்க நிலையில் இருப்பவர் கட்டுப்பாட்டை விட்டுவிட்டால் வருவது தடுமாற்றம்தான். நீண்ட பயிற்சி கைக்குள் இறங்கியவருக்குத்தான் அந்தத் தளர்வு பலிக்கிறது.

யோசிக்கும்போது மூளை அதிக ஆற்றலைச் செலவிடுகிறதா?

மிகக் கொஞ்சம்தான் கூடும். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்விலும் உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. தீவிரமாக யோசிக்கும்போது சேரும் கூடுதல் செலவு பொதுவாக 5 சதவீதத்துக்கும் குறைவு. நாம் 10 சதவீத மூளையைத்தான் பயன்படுத்துகிறோம் என்பதும் தவறு.

டோபமைன் கூடினால் படைப்பாற்றல் கூடுமா?

ஓரளவுக்குத்தான், அதன் பிறகு குறையும். (டோபமைன் என்பது நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்தப் பயன்படுத்தும் ரசாயனங்களில் ஒன்று.) மிகக் குறைவாக இருந்தால் மனம் நகராது, மிக அதிகமானால் சிதறும். நடுவில் ஓர் அளவு தோதாக இருக்கிறது. அது ஆளுக்கு ஆள் வேறுபடும். டோபமைனைக் கூட்டும் மருந்து எடுக்கும் பார்கின்சன் நோயாளிகளில் சிலருக்கு ஓவியம், எழுத்து என்று திடீர் ஈடுபாடு வந்தது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது. அதே மருந்தால் வேறு சிலருக்குச் சூதாட்டம், கட்டுப்படுத்த முடியாத கொள்முதல் என்று தீங்கும் வந்திருக்கிறது. மருந்தால் படைப்பாற்றலைக் கூட்ட நினைப்பது ஏன் ஆபத்து என்பதற்கு இது ஒன்றே போதும்.

தூங்கி எழுந்தால் விடை கிடைக்கும் என்பது உண்மையா?

ஆம், இதற்கு நல்ல சான்று இருக்கிறது. 2004இல் உல்ரிக் வாக்னர், யான் போர்ன் குழு எண் புதிர் ஒன்றைக் கொடுத்தது. அதில் வேலையைச் சட்டென்று முடித்துவிடும் மறைந்த விதி ஒன்று உண்டு. அப்படி இருப்பதை யாரிடமும் சொல்லவில்லை. எட்டு மணி நேரம் தூங்கி வந்தவர்களில் அதைக் கண்டுபிடித்தவர்கள், விழித்திருந்தவர்களைப்போல இருமடங்குக்கு மேல்.

இதைவிட வியப்பானது பாரிஸ் குழு 2021இல் வெளியிட்டது. அதே மாதிரிப் புதிரை 103 பேருக்குக் கொடுத்து, நடுவில் 20 நிமிடம் சாய்வு நாற்காலியில் கண்மூடி இருக்கச் செய்தார்கள். கையில் ஒரு பொருள். அயர்ந்தால் அது நழுவி விழுந்து எழுப்பிவிடும். தூக்கத்தின் முதல் படியில் 15 நொடியாவது இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் பிறகு மறைந்த விதியைக் கண்டுபிடித்தார்கள். விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம். அடுத்த ஆழத்துக்குப் போய்விட்டவர்களில் 14 சதவீதம் மட்டுமே. கண் அயரும் அந்த விளிம்புக்கு இவ்வளவு வலு இருக்கிறது. விழித்த உடனே விடை வந்துவிடவில்லை, புதிரை மீண்டும் எடுத்துப் பலமுறை போட்டபோதுதான் பிடிபட்டது. எனவே குட்டித் தூக்கத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிடாமல் திரும்ப உட்கார வேண்டும்.

நடப்பதும் காப்பியும் உதவுமா?

நடை உதவும், ஆனால் எதற்கு என்று பார்க்க வேண்டும். ஒப்பெஸ்ஸோ, ஷ்வார்ட்ஸ் இருவரின் 2014 ஆய்வில் நடக்கும்போது மாற்றுப் பயன்கள் தேர்வில் பெரும்பாலானவர்கள் உட்கார்ந்திருந்ததைவிட நன்றாகச் செய்தார்கள். வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நடைப்பொறியில் நடந்தபோதும் இதே பலன். மூன்று சொல் புதிரில் மட்டும் நடப்பவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள்.

காஃபீன் நேர் எதிர். 200 மில்லிகிராம் காஃபீன் கொடுத்துப் பார்த்த 2020 ஆய்வில் குவியும் வகைப் புதிர்களைத் தீர்ப்பது மேம்பட்டது, புது யோசனைகளைப் பெருக்குவதில் வித்தியாசம் இல்லை. யோசனை தேடும்போது நடை, தேர்ந்தெடுத்துச் செதுக்கும்போது காப்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

குழுவாக உட்கார்ந்து யோசிப்பது நல்லதா?

தனித்தனியாக யோசித்துவிட்டுப் பிறகு சேருவது மேல். மைக்கேல் டீல், வோல்ஃப்காங் ஸ்ட்ரோபே 1987இல் இதன் காரணத்தைப் பிரித்துக் காட்டினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கையில் தன் யோசனையை மனதில் பிடித்துவைக்க வேண்டும், அடுத்தவரைக் கேட்கவும் வேண்டும். அதற்குள் புதியது எதுவும் பிறப்பதில்லை. எல்லோரும் முதல் பத்து நிமிடம் பேசாமல் தாளில் எழுதி, பிறகு தாள்களை மாற்றிப் படித்து, அதன் பிறகு பேசினால் இந்த அடைப்பு நீங்கும்.

மின்தூண்டல் கருவி, மூளை அலை காட்டும் தலைப்பட்டை வாங்கலாமா?

ஆய்வுக்கூடத்தில் 1 முதல் 2 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை உச்சந்தலை வழியே செலுத்திப் பார்க்கிறார்கள். சில ஆய்வுகளில் சிறு முன்னேற்றம், சிலவற்றில் ஒன்றுமில்லை. மின்னோட்டத்தின் பெரும்பகுதி தோல் வழியாகவே ஓடிவிடும், எஞ்சியது எங்கே போகிறது என்பது மண்டையோட்டின் தடிமனைப் பொறுத்தது. வீட்டில் தானே முயன்றால் தோல் புண்ணாகும் அபாயமும் உண்டு. விழித்த நிலையில் நடக்கும் மூளை அறுவைச் சிகிச்சையின்போது இயல்புநிலை வலையமைப்பை நேரடியாகத் தூண்டிப் பார்த்த 2022 ஆய்வில், மாற்றுப் பயன்களைச் சொல்லும் திறன் குறைந்தது. அந்த வலையமைப்பு உண்மையிலேயே தேவை என்பதற்கு இது வலுவான சான்று. வெளியிலிருந்து தூண்டினால் நன்மைதான் என்ற நம்பிக்கைக்கு அது எதிர்ச்சான்றும்கூட.

தலைப்பட்டைகளில் மின்முனைகள் மிகக் குறைவு, பெரும்பாலும் நெற்றியில். அங்கே புருவத்தைச் சுருக்கினாலும் பல்லைக் கடித்தாலும் தசை மின்சாரம் காமா அலைபோலவே பதிவாகும். கண் மூடினால் ஆல்ஃபா ஏறுவது 1929இல் ஹான்ஸ் பெர்கர் வெளியிட்ட முதல் இ.இ.ஜி. கட்டுரைக் காலத்திலிருந்து தெரிந்த விஷயம். திரையில் ஆல்ஃபா ஏறுவதைப் பார்த்து ‘படைப்பு நிலைக்கு வந்துவிட்டேன்’ என்று முடிவுகட்ட முடியாது.

இதையெல்லாம் வைத்து ஒரு வேலைநேரத்தை எப்படி அமைப்பது?

பெருக்குவதையும் தேர்ந்தெடுப்பதையும் நேரத்தில் பிரிப்பதுதான் முதல் வேலை. முதலில் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள், நிறைவேற வேண்டிய நிபந்தனைகளோடு. ‘ஏதாவது புதுசா யோசி’ என்றால் செயலாட்சி வலையமைப்புக்குப் பிடிக்க எதுவும் இல்லை.

பிறகு 15 நிமிடம் யோசனைகளை மட்டும் எழுதுங்கள். அழிக்கக் கூடாது, ‘இது முன்னமே இருக்கிறதே’ என்று நிறுத்தக் கூடாது. முதலில் வருபவை எல்லோருக்கும் வருபவைதான். நினைவில் மேலாகக் கிடப்பவை முதலில் கையில் சிக்கும். பட்டியலில் பின்னால் வருபவை சராசரியாக அதிகப் புதுமையாக இருக்கும் என்பது கில்ஃபோர்ட் காலத்திலிருந்தே திரும்பத் திரும்ப உறுதியான முடிவு. ஐந்தாறு நிமிடத்தில் வறண்டுபோனதுபோல் தோன்றும். அங்கேதான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தில் உத்தியை மாற்றுங்கள்: பொருளைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பாருங்கள், அல்லது அதே சிக்கல் வேறொரு துறையில் எப்படித் தீர்க்கப்பட்டது என்று தேடுங்கள்.

மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டு யோசிக்க உட்காராதீர்கள். பார்த்த மாதிரியின் கூறுகள், அவை குறையுள்ளவை என்று தெரிந்தும்கூட, விடைக்குள் நுழைந்துவிடும். மாதிரிகளைப் பார்ப்பதை இரண்டாவது சுற்றுக்குத் தள்ளிவையுங்கள்.

அடுத்து இடைவேளை. 20 நிமிட நடையோ, மனதுக்குப் பளு தராத கைவேலையோ போதும். இடைவேளையில் கைபேசியைத் திறந்தால் புதிய செய்திகள் கவனத்தைப் பிடித்துக்கொள்ளும், உள்நோக்கிய சிந்தனைக்கு இடம் இருக்காது. திரும்பி வந்ததும் தேர்வு: எழுதி வைத்த நிபந்தனைகளை அருகில் வைத்து ஒவ்வொன்றையும் பாருங்கள். நேரமிருந்தால் இதை மறுநாளுக்கு வைப்பது இன்னும் நல்லது, நடுவில் ஓர் இரவுத் தூக்கம் கிடைக்கும்.

மனநோய்க்கும் படைப்பாற்றலுக்கும் தொடர்பு உண்டா?

சுவீடனின் மக்கள்தொகைப் பதிவேடுகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வுகளில், இருமுனை மனநோய் உள்ளவர்கள் படைப்புத் தொழில்களில் சற்றுக் கூடுதலாக இருந்தார்கள். மனச்சிதைவு நோயாளிகளைப் பொறுத்தவரை அந்தக் கூடுதல் அவர்களுடைய நோயற்ற நெருங்கிய உறவினர்களிடம்தான் தெரிந்தது. நோய் முற்றிய நிலையில் பெரும்பாலானவர்களால் வேலையே செய்ய முடிவதில்லை. சிகிச்சை எடுத்தால் திறமை போய்விடும் என்று பயந்து மருந்தை நிறுத்துபவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மந்தமாக இருப்பதாகத் தோன்றினால் அளவையோ மருந்தையோ மாற்றுவது பற்றி மருத்துவரிடம் பேசலாம்.

ஸ்கேன் எடுத்து ஒருவரின் படைப்பாற்றலைச் சொல்ல முடியுமா?

முடியாது. மேலே சொன்ன பீட்டி குழுவின் 163 பேர் ஆய்வில் இணைப்புகளை வைத்துக் கணித்ததற்கும் உண்மை மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்பு மிதமானதுதான். குழுவாகப் பார்க்கும்போது ஒரு போக்கு தெரியும், தனி ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அது போதாது. மூளையின் அளவும் எடையும் உதவாது. 1955இல் இறந்தபின் எடுக்கப்பட்ட ஐன்ஸ்டைனின் மூளை சுமார் 1,230 கிராம், வளர்ந்த ஆணின் சராசரியைவிடக் குறைவு. வேலைக்கோ படிப்புக்கோ ஆளெடுக்க மூளை ஸ்கேன் பரிந்துரைக்கப்பட்டால் மறுத்துவிடுங்கள். அவர் இதுவரை செய்த வேலைகளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது அதைவிட நம்பகமானது.